பொம்மைப் படையும் வரலாற்றுச் சான்றும்

படைவீரர் உருவங்களைச் சிறிய அளவில் வார்த்தும் செதுக்கியும் வண்ணம் தீட்டியும் சேர்த்துவைக்கும் பொழுதுபோக்கில் இருவகைப் பொருள்கள் இடம்பெறுகின்றன. சிறுவர் கையில் எடுத்து விளையாடுவதற்கென்று செய்யப்பட்டுக் கடைகளில் பெட்டி பெட்டியாக விற்கப்பட்டவை பொம்மைப் படைவீரர்கள் எனப்படும். குறிப்பிட்ட ஒரு படைப்பிரிவு குறிப்பிட்ட ஓர் ஆண்டில் அணிந்த சீருடையைப் பொத்தான் வரை பிழையின்றிக் காட்டவேண்டும் என்ற நோக்கத்தோடு வயதுவந்தோருக்காகச் செய்யப்படுபவை படைத்துறைச் சிற்றுருக்கள் எனப்படும். நூறு ஆண்டுகளுக்கு முன் பொம்மையாக விற்கப்பட்டது இன்று கண்ணாடிப் பேழைக்குள் அரும்பொருளாக நிற்பதால், இவ்விரண்டுக்கும் இடையே உள்ள எல்லை நிலையானதன்று. ஆயினும் எந்த வகையைச் சேர்ந்ததாயினும், சேகரிப்பவரின் மேசைமீது நிற்கும் உலோக வீரன் இரண்டு காலங்களுக்குச் சான்றாகிறான்: அவன் அணிந்திருக்கும் சீருடைக்குரிய காலம் ஒன்று, அவனை வார்த்து வண்ணமிட்ட மனிதர்கள் வாழ்ந்த காலம் மற்றொன்று. முதற்சான்றை மட்டும் போற்றி இரண்டாம் சான்றை அழித்துவிடும் வழக்கம் சேகரிப்பாளர் பலரிடம் இருந்துவந்துள்ளது. அது தவறான வழக்கம் என்பதை நிறுவுவதே இவ்வுரையின் நோக்கம்.

சிற்றுருப் படைகளின் பழைமையைப் பேசுவோர் வழக்கமாக எகிப்திலிருந்து தொடங்குவர். ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் அசியூத் பகுதியில் அதிகாரம் செலுத்திய மெசேத்தி என்பவரின் கல்லறையில் நாற்பது எகிப்திய ஈட்டி வீரர்களும் நாற்பது நூபிய வில்லாளிகளும் மரத்தில் செதுக்கப்பட்டு, வரிசை கலையாமல் பலகைகளின்மேல் நிறுத்தப்பட்டிருந்தனர். கெய்ரோ அருங்காட்சியகத்துக்குரிய இவ்வுருவங்கள் இறந்தவருக்கு மறுமையில் துணைசெய்வதற்காக வைக்கப்பட்டவை. இவற்றை விளையாட்டுப் பொம்மைகளின் முன்னோடி என்று கூறுவது பொருந்தாது. விளையாட்டுக்காகப் பெருந்தொகையில் செய்யப்பட்டு விலைக்கு விற்கப்பட்ட படைவீரனின் வரலாறு பதினெட்டாம் நூற்றாண்டில், ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில், வெள்ளீயப் பாத்திரம் வார்த்த கைவினைஞரிடமிருந்தே தொடங்குகிறது.

ஏழாண்டுப் போரால் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் புகழ் ஐரோப்பா முழுவதும் பரவியிருந்த காலம் அது. யோஹான் காட்ஃபிரீட் ஹில்பெர்ட் என்ற நூரம்பர்க் கைவினைஞர், தம் குடும்பத்தாரோடு சேர்ந்து, அம்மன்னரின் படையினரைத் தட்டை உருவங்களாக வார்த்து விற்றார். தட்டை உருவம் என்பது பக்கவாட்டில் பார்த்தால் முழு வடிவமும் தெரியக்கூடிய, ஆனால் தடிமன் மிகக் குறைந்த உலோகத் தகடு போன்ற வார்ப்பு. மென்மையான சிலேட்டுக் கற்கள் இரண்டை எடுத்து, ஒன்றில் உருவத்தின் ஒரு பக்கத்தையும் மற்றொன்றில் மறுபக்கத்தையும் தலைகீழாகக் குடைந்து, இரண்டையும் இறுகச் சேர்த்துக் கட்டி, மேலே விட்ட வாய்க்கால் வழியாக உருகிய உலோகத்தை ஊற்றினால், அது ஆறியதும் ஒரு வீரன் வெளிவருவான். உலோகம் என்பது வெள்ளீயமும் காரீயமும் கலந்த கலவை. கடினத்தன்மைக்காக அதில் ஆண்டிமனி சிறிதளவு சேர்க்கப்படும். இக்கலையில் உண்மையான திறமை வார்ப்பவரிடம் அன்று, கல்லைக் குடைபவரிடமே இருந்தது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழத்துக்குள் குதிரையின் தசைமுறுக்கையும் வீரனின் தோள்பட்டைப் பின்னலையும் தோன்றச்செய்த அந்தக் குடைவுக் கலைஞர்கள் ஐரோப்பியச் சிற்பக்கலை வரலாற்றில் இடம்பெறத் தகுந்தவர்கள். ஆனால் அவ்வரலாறு அவர்களைப் பெரிதும் கண்டுகொள்ளவில்லை.

1839இல் அதே நகரில் தொழில் தொடங்கிய எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சன் 1848இல் ஒரு முடிவெடுத்தார். தம் பட்டறையில் வார்க்கப்படும் காலாள் வீரனின் உயரம் 28 மில்லிமீட்டராக இருக்கவேண்டும் என்பது அம்முடிவு. அதற்குமுன் ஒரு பட்டறையின் வீரன் மற்றொரு பட்டறையின் குதிரையைவிட உயரமாக நிற்பது இயல்பாக இருந்தது. பிற பட்டறையினரும் காலப்போக்கில் அவ்வளவைப் பின்பற்றத் தொடங்கியபின், வெவ்வேறு கடைகளில் வாங்கிய வீரர்களை ஒரே களத்தில் நிறுத்த முடிந்தது; சேகரிப்பு என்ற செயலுக்கே அப்போதுதான் முறையான அடித்தளம் அமைந்தது எனலாம். இவ்வுருவங்கள் மெல்லிய மரச்சீவல் பெட்டிகளில் அடைக்கப்பட்டு எடைக்கணக்கில் விற்கப்பட்டன.

தட்டை உருவத்தை அடுத்து, எல்லாப் பக்கமும் பருமனுள்ள திண்ம உருவங்கள் வந்தன. பாரிஸில் லூக்கோத், மின்யோ ஆகிய பெயர்களில் வழங்கிய உருவங்கள் நெப்போலியன் காலத்துச் சீருடைகளுக்குப் பெயர்பெற்றன. டிரெஸ்டன் நகரின் கியோர்க் ஹைடே நிறுவனம் பாளையம் இறங்கும் வீரர், சமைக்கும் வீரர், காயமுற்றவரைத் தூக்கிச் செல்லும் வீரர் என்று போர்க்களத்துக்கு வெளியேயுள்ள வாழ்வையும் வார்த்தது. 1945 பிப்ரவரியில் அந்நகரின்மீது நிகழ்ந்த குண்டுவீச்சில் ஹைடே தொழிற்கூடம் அழிந்தது. போரைப் பொம்மையாகச் செய்த இடம் போரிலேயே அழிந்தது என்பதால், இன்று எஞ்சியுள்ள ஹைடே உருவங்கள் ஒவ்வொன்றும் இழந்த ஒரு தொழிலின் ஆவணமாகின்றன.

திண்ம வார்ப்புக்கு உலோகம் மிகுதியாகத் தேவைப்பட்டதால் விலையும் உயர்ந்திருந்தது. 1893இல் லண்டனைச் சேர்ந்த இளைய வில்லியம் பிரிட்டன் இதற்கு ஒரு தீர்வு கண்டார். உருகிய உலோகத்தை அச்சுக்குள் ஊற்றியதும், அச்சின் சுவரைத் தொடும் புறப்பகுதி மட்டும் முதலில் உறைகிறது. உட்பகுதி இன்னும் திரவமாக இருக்கும் அந்த ஓரிரு நொடிகளுக்குள் அச்சைச் சாய்த்து எஞ்சிய உலோகத்தை வெளியே ஊற்றிவிட்டால், உள்ளே வெற்றிடமுள்ள ஒரு வீரன் கிடைப்பான். உள்ளீடற்ற வார்ப்பு எனப்படும் இம்முறையால் உலோகச் செலவு குறைந்தது, எடை குறைந்தது, விலையும் ஜெர்மானிய உருவங்களைவிடக் கீழே இறங்கியது. எவ்வளவு நேரம் பொறுத்து அச்சைச் சாய்க்கவேண்டும் என்பதை எந்தக் கருவியும் காட்டாது. வார்ப்பவரின் கைப்பழக்கமே அதை அறியும். பிரிட்டன்ஸ் நிறுவனத்தின் முதல் தொகுதி அரசியின் மெய்க்காவல் குதிரைப்படையைக் காட்டியது. அக்காலத்துப் பொம்மை ரயில்களின் அளவுக்குப் பொருந்துமாறு காலாள் வீரனுக்கு அந்நிறுவனம் வகுத்த 54 மில்லிமீட்டர் உயரம் இன்றும் இத்துறையின் முதன்மையான அளவாக நிலைத்துள்ளது.

இவ்வீரர்கள் தங்கள் காலத்தைப் பற்றிச் சொல்லும் செய்திகள் பல. போட்டியாளர்கள் உருவங்களைப் பிரதியெடுத்து விற்றதால், 1900ஆம் ஆண்டு முதல் பிரிட்டன்ஸ் நிறுவனம் தன் உருவங்களின் அடித்தட்டுக்குக் கீழே உரிமை அறிவிப்பும் நாளும் அச்சிட்ட வட்டத் தாள்களை ஒட்டியது. பின்னர் அவ்வெழுத்துகளை வார்ப்பிலேயே பொறித்தது. அந்த நாள் அவ்வடிவத்துக்கு உரிமை பதிவான நாளேயன்றி, அக்குறிப்பிட்ட பொம்மை வார்க்கப்பட்ட நாளன்று. அதே அச்சு பல பத்தாண்டுகள் உழைத்திருக்கக்கூடும் என்பதால், நாளை மட்டும் நம்பி வயதைக் கணிப்போர் ஏமாறுவர். அடித்தட்டின் வடிவம், வண்ணத்தின் தன்மை, பெட்டியின் ஒட்டுத்தாள் ஆகிய அனைத்தையும் சேர்த்தே வயதை அறியவேண்டும்.

இதைவிட ஆழ்ந்த செய்தி சிவப்பு மேலங்கியில் இருக்கிறது. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் படை காக்கி உடையில் போரிட்டது. அதன்பின் சிவப்பு மேலங்கி சடங்கு அணிவகுப்புக்குரியதாகச் சுருங்கிவிட்டது. கடைகளிலோ காக்கி வீரர்களோடு சிவப்பு வீரர்களும் அடுத்த அறுபது ஆண்டுகள் குறைவின்றி விற்பனையாயினர். பொம்மை வீரன் படையின் உண்மை நிலையைக் காட்டுவதைவிட, அப்படையைப் பற்றி மக்கள் மனத்தில் எழுதியிருந்த ஓவியத்தையே மிகுதியாகக் காட்டுகிறான் என்பது இதனால் விளங்கும். பேரரசின் படைகளை அந்நிறுவனம் வரிசையாக வார்த்தபோது, சென்னை மாகாணத்தின் முதலாம் காலாட்படைப் பிரிவும் மூன்றாம் குதிரைப்படைப் பிரிவும் அதில் இடம்பெற்றன. சென்னைப் படையில் தமிழரும் தெலுங்கரும் பணிபுரிந்தனர் என்பதால், தமிழ் வாசகருக்கு அச்சிறு உருவங்கள் தனிப் பொருளுடையவை. லண்டன் சிறுவன் ஒருவனின் அறையில் சென்னைச் சிப்பாய் எந்த நிறத்தோடும் எந்த உடையோடும் நின்றான் என்பதை எழுத்து ஆவணம் எதுவும் இவ்வளவு நேரடியாகக் காட்டுவதில்லை.

உருவத்துக்கு வண்ணமிட்டவர் யார் என்ற வினா இவ்விடத்தில் எழுகிறது. நூரம்பர்க்கிலும் லண்டனிலும் இப்பணியைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் பலர் வார்ப்புகளைத் தங்கள் வீட்டுக்கு எடுத்துச்சென்று, எண்ணிக்கைக்குக் கூலி என்ற கணக்கில், நாள் முழுதும் தீட்டித் திருப்பித் தந்தனர். ஒருவர் காற்சட்டைக்கு நீலம், மற்றொருவர் முகத்துக்கு நிறம் என்று வேலை பிரிந்திருந்தது. கண்ணுக்கு ஒரு புள்ளி, மீசைக்கு ஒரு கீற்று, கன்னத்துக்கு ஒரு செம்புள்ளி என்று நொடிக்கணக்கில் விழுந்த அத்தூரிகைத் தடங்களைத் தவிர, அப்பெண்களின் உழைப்புக்கு வேறு அடையாளம் பெரும்பாலும் எஞ்சவில்லை. அச்சு செய்தவரின் பெயர் நூல்களில் உள்ளது. தீட்டியவளின் பெயர் எங்கும் இல்லை. எனவே, பழைய வண்ணம் உதிர்ந்திருக்கிறது, சீருடையின் விளிம்பு நிறம் தவறாக இருக்கிறது என்ற காரணங்களால் ஓர் உருவத்தைச் சுரண்டிப் புதுவண்ணம் பூசுவோர், ஒரு படைப்பிரிவின் விளிம்பு நிறத்தைத் திருத்துவதற்காக ஒரு தொழிலாளியின் ஒரே கையொப்பத்தை அழிக்கின்றனர். திருத்தமான சீருடையை விரும்புவோருக்குப் புதிய சிற்றுருக்கள் தாராளமாகக் கிடைக்கும்போது, பழைய உருவத்தின்மேல் கைவைக்க எந்த நியாயமும் இல்லை.

முதற்சான்று, அதாவது உருவம் காட்டும் காலத்தைப் பற்றிய சான்று, மதிப்பற்றது என்று இதனால் கொள்ளலாகாது. ஒரு சிற்றுருவைச் சரியாகச் செய்ய முயன்றதாலேயே வரலாற்று ஆவணம் ஒன்று உருவான நிகழ்வுக்கு வில்லியம் சைபோர்னின் வாழ்க்கை சிறந்த எடுத்துக்காட்டு. பிரிட்டிஷ் படை அதிகாரியான இவரிடம், 1830இல், வாட்டர்லூ போர்க்களத்தின் மாதிரி ஒன்றைச் செய்யும் பணி ஒப்படைக்கப்பட்டது. போரின் நடுவில் கடுஞ்சண்டை நிகழ்ந்த லா ஹே சான்ட் பண்ணை வீட்டிலேயே எட்டு மாதங்கள் தங்கி நிலத்தை அளந்த சைபோர்ன், மேட்டையும் பள்ளத்தையும் அறிந்துகொண்டாரேயன்றி, 1815 ஜூன் 18 மாலை ஏழு மணி அளவில் எந்தப் பிரிவு எங்கே நின்றது, எந்த வயலில் எந்தப் பயிர் இருந்தது என்பவற்றை நிலத்திடம் கேட்டு அறிய முடியவில்லை. ஆகவே உயிரோடிருந்த அதிகாரிகளுக்கு ஒரே வினாத்தொகுப்பைக் கடிதமாக அனுப்பினார். நூற்றுக்கணக்கான விடைகள் வந்தன. ஒரு போரில் பங்குகொண்டோரிடம் முறையாக வினாத் தொடுத்துச் சாட்சியம் திரட்டிய முயற்சிகளில் இது முன்னோடியானது.

அரசு 1833இல் பணம் தருவதை நிறுத்தியபின்னும், கடன் வாங்கி வேலையைத் தொடர்ந்து, எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட நுண்ணிய உலோக உருவங்கள் நிற்கும் அம்மாதிரியை 1838இல் லண்டனின் எகிப்திய மண்டபத்தில் அவர் காட்சிக்கு வைத்தார். அப்போது பெரியதொரு சர்ச்சை மூண்டது. நெப்போலியனின் வீழ்ச்சியில் பிரஷ்யப் படைக்கு இருந்த பங்கு, களத்தில் அவர்களைக் குறித்து நின்ற உருவங்களின் எண்ணிக்கையால் அப்பட்டமாகத் தெரிந்தது. அப்போரில் பிரிட்டிஷ் தரப்பின் தளபதியாக இருந்த வெலிங்டனுக்கு நெருக்கமான வட்டாரத்தில் இது விரும்பப்படவில்லை. பின்னர் பிரஷ்ய உருவங்களில் பெரும்பகுதியை சைபோர்ன் தம் மாதிரியிலிருந்து அகற்றினார். விரல்நுனி அளவுகூட இல்லாத உலோகத் துணுக்குகள் எத்தனை நிற்கவேண்டும் என்பது ஒரு நாட்டின் பெருமையைத் தொடும் வினாவாக மாறியது என்றால், இவற்றை வெறும் விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குவது இயலாது. சைபோர்ன் 1849இல் மறைந்தார். அவர் திரட்டிய கடிதங்களில் ஒரு பகுதியை அவருடைய மகன் 1891இல் நூலாக வெளியிட்டார். வாட்டர்லூவை ஆராய்வோர் எவரும் இன்றும் அவற்றைத் தவிர்க்க முடியாது. மாதிரி லண்டன் தேசியப் படை அருங்காட்சியகத்தில் உள்ளது.

அமெரிக்காவின் ஆன் பிரவுன் நடந்த பாதையும் இத்தகையதே. 1930இல் திருமணமானபின் கணவரோடு ஐரோப்பாவில் பயணம் செய்தபோது படைவீரச் சிற்றுருக்களை வாங்கத் தொடங்கிய அவர், வாங்கியவற்றின் சீருடை சரியானதா என்று அறிய விரும்பினார்; அறிவதற்கு நூல்கள் தேவைப்பட்டன; நூல்களைச் சரிபார்க்க அச்சோவியங்களும் மூல வரைபடங்களும் தேவைப்பட்டன. சிற்றுருக்களுக்குத் துணையாக வந்த நூல்களும் ஓவியங்களும் சிற்றுருக்களைப் பன்மடங்கு விஞ்சி, இன்று பிராவிடன்ஸ் நகரில் பிரவுன் பல்கலைக்கழக நூலகத்தின் பெருமைக்குரிய படைத்துறைத் தொகுப்பாக விளங்குகின்றன. ஆயிரக்கணக்கான சிற்றுருக்களும் அவற்றோடு அங்கேயே காட்சியில் உள்ளன. இதற்கு மாறான முடிவைக் கண்டது மால்கம் ஃபோர்ப்ஸ் என்ற பதிப்பாளரின் சேகரிப்பு. மொராக்கோவின் டாஞ்சியர் நகரில் ஒரு மாளிகையை அருங்காட்சியகமாக்கி, ஏறத்தாழ ஒரு லட்சம் உருவங்களை அவர் அதில் நிறுத்தியிருந்தார். அவர் 1990இல் இறந்தபின் அவை ஏலத்தில் விற்கப்பட்டுப் பல கைகளுக்குச் சிதறின. தனித்தனி உருவங்கள் அழியவில்லை என்பது உண்மையே. ஆனால் ஒரு சேகரிப்பின் அறிவு உருவங்களுக்கு இடையிலுள்ள ஒழுங்கில் இருப்பதால், அவ்வொழுங்கு கலைந்தால் அது மீளாது.

இப்பொழுதுபோக்கு போரைப் போற்றுவதாகாதா என்ற வினா கடுமையானது. அதை ஒதுக்கித் தள்ளக்கூடாது. வின்ஸ்டன் சர்ச்சில் சிறுவயதில் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு பொம்மை வீரர்களை வைத்திருந்ததையும், அவற்றைப் பார்வையிட்ட தந்தை படையில் சேர விருப்பமா என்று கேட்டதையும், அப்பொம்மைகளே தம் வாழ்க்கையின் போக்கை மாற்றியதையும் தம் தன்வரலாற்றில் பதிவுசெய்துள்ளார். மறுபுறம் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், பொம்மை வீரர்களையும் மரக்குண்டு எறியும் வில்விசைப் பீரங்கியையும் கொண்டு தரையில் ஆடும் போர் விளையாட்டுக்கு விதிகள் வகுத்து 1913இல் ஒரு நூல் வெளியிட்டார். உண்மைப் போர் எத்தகைய மடமை என்பதை உணர்த்த இவ்விளையாட்டு உதவும் என்பது அந்நூலின் முடிவுரையில் அவர் வலியுறுத்திய கருத்து. அடுத்த ஆண்டே உலகப்போர் வெடித்தது. இவ்விருவரில் ஒருவரை மட்டும் சான்றுக்கு அழைப்பது நேர்மையாகாது. 1930களில் ஜெர்மனியின் எலாஸ்டோலின், லினியோல் ஆகிய நிறுவனங்கள் மரத்தூளும் பசையும் களிமண்ணும் கலந்த பிசினைக் கம்பிச் சட்டத்தின்மேல் அழுத்திச் செய்த உருவங்களில், நாஜித் தலைவர்களும் இடம்பெற்றனர். கையை உயர்த்தி வணங்கும் ஹிட்லர் குழந்தைகளின் அலமாரிக்கே வந்துசேர்ந்தார். இவற்றை அழிக்கவேண்டும் என்பாரும் உளர். ஓர் ஆட்சி குழந்தையின் கைக்குள் எவ்வாறு நுழைந்தது என்பதற்கு இவற்றைவிடத் தெளிந்த சான்று இல்லையாதலால், இவை பாதுகாக்கப்படவேண்டும். ஆனால் விளக்கக் குறிப்பின்றி அழகுப்பொருளாக இவற்றைக் காட்சிக்கு வைப்பது குற்றம்.

ஜெர்மனியின் குல்ம்பாக் நகரில் பிளாசன்பர்க் கோட்டைக்குள் 1929இல் தொடங்கிய உலோகச் சிற்றுரு அருங்காட்சியகத்தில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட உருவங்கள் உள்ளன. நிலக்காட்சியோடு சேர்த்து உருவங்களை நிறுத்தி ஒரு நிகழ்வைக் காட்டும் அமைப்புக்கு டயோரமா என்று பெயர். அங்குள்ள டயோரமாக்களில் மிகப் பெரியது, பத்தொன்பதாயிரத்துக்கு மேற்பட்ட உருவங்களால் அமைந்தது. அது காட்டுவது 1553இல் பகைவரால் குல்ம்பாக் நகரமே எரிக்கப்பட்ட நாள். வெற்றிகளுக்குப் பஞ்சமில்லாத கலைத்துறையில், ஒரு நகரம் தன் அழிவைத் தன் கோட்டைக்குள்ளேயே மிகப் பெரிதாக நிறுத்திவைத்திருக்கிறது.

இச்சான்றுகளுக்கு இன்று வேதிமாற்றமே பெரும்பகை. காரீயம் மிகுந்த உருவங்கள் புளிப்பு ஆவி படும் இடத்தில் வைக்கப்பட்டால், அவற்றின் மேற்பரப்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் ஈரத்தோடும் சேர்ந்து வெண்சாம்பல் நிறத் தூளாக மாறத் தொடங்கும். ஈய அரிப்பு எனப்படும் இது வாளின் முனை, குதிரையின் கால் போன்ற மெல்லிய இடங்களை முதலில் தின்றுவிடும். ஓக் மரத்திலிருந்து அத்தகைய ஆவி வெளிப்படுவதால், அழகும் உறுதியும் உடையவை என்று கருதி வாங்கப்பட்ட ஓக் அலமாரிகளே பல சேகரிப்புகளைக் கெடுத்துள்ளன. கண்ணாடியும் உலோகமும் கொண்ட பேழையே ஏற்றது. அத்தூள் நஞ்சு என்பதால் தொட்டபின் கைகழுவுவதும், அவ்வுருவங்களைக் குழந்தைகள் வாயில் வைக்காமல் காப்பதும் கட்டாயம். பிரிட்டன்ஸ் நிறுவனம் ஈய வார்ப்பை 1966இல் கைவிட்டது; அதன் இடத்தைப் பிடித்த பிளாஸ்டிக் வீரர்களுக்கு இத்தொல்லை இல்லை.

பழைய உலோக வீரர்களைத் தம் வீட்டில் வைத்திருப்போர், அவை ஒன்றிரண்டே ஆயினும், கை கால் உடைந்தவையே ஆயினும், அவற்றுக்குப் புதுவண்ணம் பூசாமல், பழைய பெட்டியையும் ஒட்டுத்தாளையும் எறிந்துவிடாமல், யார் எந்த ஊரில் வாங்கியது, வீட்டில் யாருடைய விளையாட்டுப் பொருளாக இருந்தது என்பவற்றை நினைவுள்ள முதியோரிடம் இப்போதே கேட்டு, தெரிந்த மட்டும் ஒரு தாளில் எழுதிவைக்கவேண்டும். உருவங்கள் அடுத்தவர் கைக்குச் செல்லும்போது அத்தாளும் அவற்றோடு செல்லவேண்டும்.